பிறர் கண்ட கனவு

"டீச்சர், கனவு பலிக்குமா?"

சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதம், வாய்மொழித் தேர்வுக்கான பயிற்சி மும்முரமாக நடந்துகொண்டிருந்த வேளையில், தொடக்கநிலை ஆறில் பயிலும் மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. பிள்ளைகள் இப்படிக் கேட்பது புதிதன்று. பல் விழுவதாகக் கண்டவர்கள், மின்தூக்கிக்குள் பாம்பைக் கண்டவர்கள், தேர்வு மண்டபத்திற்குக் காலணி இல்லாமல் ஓடியவர்கள் என்று ஆண்டுதோறும் நான்கைந்து பேராவது வருவார்கள். ஒரு சிரிப்பும் இரண்டு வார்த்தையும் போதும். ஓய்வுநேர மணி அடித்ததும் கனவு மறந்துபோகும்.

இவள் முகம் அப்படி இல்லை. "என்ன கனவு கண்டாய்?" என்றேன்.

"நான் காணல டீச்சர். அம்மாவோட ஜெபக் கூட்டத்துல ஒரு ஆன்ட்டி கண்டாங்களாம். ஒரு தாள்ல என் பேரும் இருபத்திரண்டுன்னு நம்பரும் இருந்துச்சாம்."

வெளிநாட்டில் உள்ள நண்பர்களுக்காக இந்த எண்ணைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் ஆங்கிலம், தாய்மொழி, கணிதம், அறிவியல் என நான்கு பாடங்கள். 2021 முதல் ஒவ்வொரு பாடத்திற்கும் ஒன்றிலிருந்து எட்டு வரை அடைவுநிலை தரப்படுகிறது. நான்கையும் கூட்டினால் மிகச் சிறந்த மொத்தம் 4, கடைக்கோடி 32. உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கைக்கு மூன்று பிரிவுகள் உண்டு. மொத்தம் 20க்குள் இருந்தால் மூன்றாம் பிரிவு. 23, 24 என்றால் இரண்டாம் பிரிவு. 21, 22 பெற்றவர்கள் இரண்டில் எதற்கும் போகலாம். ஆக, 22 என்பது வேலியின் மேல் உட்கார்ந்திருக்கும் எண். அங்கும் இல்லை, இங்கும் இல்லை. ஒரு குழந்தையை அச்சுறுத்துவதற்கு இதைவிடப் பொருத்தமான எண்ணைத் தேடிப் பிடிக்க முடியாது. (2021க்கு முன்பு மொத்த மதிப்பெண் இருநூறைச் சுற்றி நிற்கும், அப்போது 22 என்று யாரேனும் கண்டிருந்தால் பேருந்து எண் என்று விட்டிருப்பார்கள். கனவுகளுக்கும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை போய்ச் சேர்ந்துவிடுகிறது போலும்!)

அன்று மாலை அவளுடைய பயிற்சித் தாள்களை எடுத்துப் பார்த்தேன். முப்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளில் 22ஆம் கேள்விக்கு மட்டும் விடை இல்லை. மிக எளிய கேள்வி. ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். முந்தைய வாரத் தாளிலும் அப்படியே. எனக்கு நெஞ்சு கனத்தது.

நான் பணிபுரிவது அரசாங்கப் பள்ளி. வகுப்பறைக்குள் என் சமயத்தைக் கொண்டு செல்வதில்லை. நான்கைந்து சமயத்துப் பிள்ளைகள் ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்கும் நாட்டில் அதுவே முறை என்று மனமார நம்புகிறேன். எனவே அவளிடம் வேதாகமத்தைப் பற்றிப் பேசவில்லை. "அது நீ கண்ட கனவில்லையே, அம்மா. இன்னொருவருடைய பையை நீ ஏன் முதுகில் மாட்டிக்கொண்டு திரிகிறாய்?" என்று மட்டும் கேட்டேன். அவள் பாதி சமாதானம் அடைந்தாள். மீதிப் பாதி என்னோடு வீட்டுக்கு வந்தது.

கனவில் வரும் எண்ணுக்கு நம் ஊரில் இருக்கும் மவுசைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புதன், சனி, ஞாயிறு ஆகிய நாள்களில் ஃபோர்-டி குலுக்கல். பந்தயக் கடைகளின் முன்னே நிற்கும் வரிசையில் எல்லா இனத்தவரும் இருப்பார்கள். கேட்டால் பாதிப் பேர் எண்ணைக் கனவிலிருந்து எடுத்ததாகச் சொல்வார்கள். இன்ன பொருளைக் கனவில் கண்டால் இன்ன எண் என்று சொல்லும் சிறு புத்தகங்களே இவ்வட்டாரத்தில் உண்டு. சனிக்கிழமைகளில் தாம்சன் சாலையில் உள்ள நொவீனா தேவாலயத்திற்கு ஒரு கூட்டம் மெழுகுவத்தியோடு போகிறது. அதே நேரத்தில் பந்தயக் கடைக்கு ஒரு கூட்டம் பேனாவோடு போகிறது. இரண்டிலும் நிற்பவர்களையும் நான் அறிவேன்! நம்பிக்கையற்றவர்களின் பழக்கம் என்று நாம் ஒதுக்கித் தள்ளுவது, ஜெபக் கூட்டத்திற்குள் வேறு உடை உடுத்தி வந்து அமர்ந்துகொள்கிறதோ என்று எனக்குச் சில வேளைகளில் ஐயம் எழுகிறது. ஒரு தாளில் ஓர் எண் தெரிந்தது என்றால், அது பந்தயச் சீட்டா தேர்ச்சிச் சீட்டா என்பதில் என்ன வேறுபாடு?

நான் கனவுகளை இகழ்பவள் அல்லள். என் வேதாகமத்தில் கனவுகள் ஏராளம். பழைய மொழிபெயர்ப்பில் அவை "சொப்பனம்". எங்கள் சபையின் மூத்தவர்கள் இன்றும் அச்சொல்லையே ஆள்வார்கள். கத்தோலிக்க நண்பர்கள் பயன்படுத்தும் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் "கனவு" என்றே இருக்கும். தமிழாசிரியை என்ற முறையில் எனக்குக் கனவு என்ற சொல்லே விருப்பம். ஆயினும் சொப்பனம் என்று சொல்லும்போது ஏதோ மேலிருந்து இறங்கியது போன்ற ஓசை வந்துவிடுகிறது. "ஆன்ட்டிக்குக் கனவு வந்தது" என்றால் கேட்டுவிட்டுப் போய்விடுவோம். "சொப்பனத்தில் காட்டப்பட்டது" என்றால் நடுங்குகிறோம். செயப்பாட்டு வினைக்கு இருக்கும் வலிமையை இலக்கணப் பாடத்தில் நான் இத்தனை தெளிவாக விளக்கியதில்லை.

அந்தத் தாயைப் பெற்றோர் சந்திப்பில் முதலில் பார்த்தேன். நல்லவர். பணி முடிந்து இரவு எட்டரை மணிக்கு வீடு திரும்புபவர். அங்கு ஆசிரியையாக என்ன சொல்ல முடியுமோ அதைச் சொன்னேன்: பிள்ளை உறங்குவதில்லை, ஒரு கேள்வியைத் தவிர்க்கிறாள், அந்த எண்ணைப் பற்றி வீட்டில் இனிப் பேச வேண்டாம். அவர் கண்கலங்கிவிட்டார். "நீங்களும் விசுவாசிதானே, டீச்சர்? ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு தேக்கா பக்கம் வருவேன். ஒரு அரைமணி நேரம் பேசலாமா?" என்றார். பள்ளிக்கு வெளியே, என் சொந்த நேரத்தில், அவரே கேட்டதால் ஒப்புக்கொண்டேன்.

தேக்கா நிலையத்து உணவங்காடியில் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் இடம் பிடிப்பதே ஒரு விசுவாசச் சோதனைதான். இரண்டு தே தாரிக்கை வைத்துக்கொண்டு சுவரோரத்தில் உட்கார்ந்தோம்.

"சொன்னா பயந்து நல்லாப் படிப்பான்னு நினைச்சேன் டீச்சர். ஆண்டவர் எச்சரிக்கை குடுக்கறாருன்னு அந்தக்கா சொன்னாங்க. நான் எப்படிச் சொல்லாம இருக்கறது?"

நான் அவரிடம் மத்தேயு நற்செய்தியின் முதல் இரண்டு அதிகாரங்களை நினைவூட்டினேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் படிக்கிறோம். பிள்ளைகள் நாடகம் போடுகிறார்கள். நாடகத்தில் யோசேப்பு வேடத்திற்கு எப்போதும் வசனம் குறைவு. அதற்குக் காரணம் இருக்கிறது. நான்கு நற்செய்திகளிலும் தச்சராகிய யோசேப்பு பேசியதாக ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை. ஆனால் அவர் நான்கு கனவுகள் காண்கிறார். மரியாளை ஏற்றுக்கொள்ள ஒன்று. எகிப்துக்குத் தப்பிச் செல்ல ஒன்று. திரும்பி வர ஒன்று. யூதேயாவைத் தவிர்த்துக் கலிலேயாவுக்குப் போக ஒன்று. ஒவ்வொரு முறையும் அவர் செய்வது ஒன்றுதான். எழுந்திருக்கிறார், செய்கிறார். எகிப்துக் கனவைக் கண்ட அன்று விடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. இரவோடு இரவாகப் புறப்படுகிறார்.

அந்த நான்கு கனவுகளில் இரண்டு நேரடியாகக் குழந்தையின் உயிரைப் பற்றியவை. ஏரோது அந்தக் குழந்தையைத் தேடிக் கொல்லப் பார்க்கிறான் என்பதைவிடப் பெரிய எச்சரிக்கை எது? ஆயினும், பிள்ளை வளர்ந்த பிறகு, "உன்னைப் பற்றி எனக்கு இப்படி ஒரு கனவு வந்தது, கவனமாக இரு" என்று யோசேப்பு இயேசுவிடம் சொன்னதாக எங்கும் இல்லை. பிள்ளையைப் பற்றிய கனவு தகப்பனுக்கு வந்தது. தகப்பனின் கால்கள் நடந்தன. பிள்ளை தூங்கிக்கொண்டே எகிப்து போய்ச் சேர்ந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

"அப்போ எனக்குத்தான் வேலைன்னு சொல்றீங்க" என்றார் அவர், மெல்ல.

வேறொரு தாயைப் பற்றியும் அன்று பேசினோம். அகுஸ்தீனின் தாயார் மோனிக்கா. வடஆப்பிரிக்காவில், நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். வழிமாறிப்போன மகனுக்காக அழுது அழுது ஜெபித்தவர் என்று எல்லாத் தாய்மார் கூட்டங்களிலும் அவர் பெயர் சொல்லப்படுகிறது. அவர் கண்ட கனவு புகழ்பெற்றது: ஒரு மரச்சட்டத்தின் மேல் தாம் நிற்பதாகவும், அவர் நிற்கும் இடத்திலேயே மகனும் நிற்பான் என்று ஓர் இளைஞன் ஆறுதல் சொல்வதாகவும் கண்டார். மகனிடம் அதைச் சொன்னபோது அவன் கெட்டிக்காரத்தனமாக, "அப்படியென்றால் நீங்கள் ஒருநாள் என் பக்கம் வருவீர்கள் என்று பொருள்" என்று திருப்பினான். தாய் ஒரு நொடிகூடத் தயங்காமல், "உன் இடத்தில் நான் என்று சொல்லப்படவில்லை, என் இடத்தில் நீ என்றுதான் சொல்லப்பட்டது" என்றாராம். கனவைவிட அந்தப் பதில்தான் தம்மை அசைத்தது என்று அகுஸ்தீன் பின்னாளில் எழுதினார். அதற்குப் பிறகும் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அந்த அம்மா ஜெபிக்க வேண்டியிருந்தது. கனவு வந்துவிட்டதே என்று முழங்காலை நிமிர்த்திக்கொள்ளவில்லை.

இது பலரும் அறிந்தது. அதே நூலில் பின்னால் வரும் இன்னொரு செய்தியை யாரும் பிரசங்கத்தில் சொல்லி நான் கேட்டதில்லை. மகனுடைய திருமணத்தைப் பற்றி ஏதேனும் காட்டும்படி மோனிக்கா கடவுளை மன்றாடினார். மகனும் அப்படிக் கேட்கச் சொன்னான். சில காட்சிகள் வந்தன. ஆனால் அவை தம் மனம் அந்தக் கவலையிலேயே உழன்றதால் எழுந்த வெற்றுக் காட்சிகள் என்று அவரே சொல்லிவிட்டார். கடவுளிடமிருந்து வருவதற்கும் தம் மனத்திலிருந்து வருவதற்கும் சொல்லில் அடங்காத ஒரு சுவை வேறுபாடு உண்டு என்பது அவர் சொன்ன விளக்கம். எவ்வளவு நேர்மையான தாய்! ஜெபித்து, கனவும் கண்டு, "இது அதுவன்று" என்று ஒதுக்கும் துணிவு நம் கூட்டங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது? கவலை பெருகினால் கனவு வரும் என்று பிரசங்கி ஆகமமும் சொல்லத்தான் செய்கிறது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை இந்நாட்டுத் தாய்மார்களுக்குக் கவலைக்கா பஞ்சம்?

இதையெல்லாம் எண்ணும்போது ஒரு தமிழாசிரியைக்குக் கண்ணகி நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தீக்கனவு கண்டு தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். தேவந்தி பரிகாரம் சொல்கிறாள்: இரண்டு குளங்களில் நீராடி, காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவனோடு சேரலாம் என்று. அது தனக்குப் பெருமை தருவதன்று என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். அந்நேரத்தில் கோவலன் வருகிறான். அவனிடம் அவள் கனவைச் சொல்லவில்லை; சிலம்பைத்தான் தருகிறாள். மதுரைக்குப் புறத்தே கோவலனும் ஒரு தீக்கனவு காண்கிறான். அதை மாடல மறையோனிடம் சொல்கிறானே தவிர, கண்ணகியிடம் சொல்லவில்லை. இருவரும் கண்டார்கள், ஒருவர் மற்றவர் தலையில் அதை ஏற்றவில்லை. சொல்லியிருந்தால் மதுரை தப்பியிருக்குமோ என்று கேட்கலாம். எனக்கு விடை தெரியாது. ஆனால் அந்த மௌனத்தில் இருக்கும் அன்பு எனக்குப் புரிகிறது. அதே வேளையில், அம்மௌனம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். பார்வோன் கண்ட கனவை எல்லாருக்கும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. முந்தைய யோசேப்பு அதற்குப் பொருள் சொன்னதோடு நிற்காமல், விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமித்து வைக்க வேண்டும் என்று திட்டமும் தந்தார். அந்தக் கனவு தானியக் களஞ்சியத்தில் போய் முடிந்தது. அப்படி முடிகிற கனவை யாரும் சொல்லட்டும். நானும் மூட்டை தூக்க வருகிறேன்.

தேநீர் முடிந்த பிறகு அவர் பேருந்துக்கும் நான் ஷார்ட் ஸ்திரீட்டுக்குமாகப் பிரிந்தோம். தேக்காவிலிருந்து சிறிது நடைதான். தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை அங்கேதான் இருக்கிறது. 1887 ஆகஸ்ட் 15 அன்று, சோபியா பிளாக்மோர் என்ற ஆஸ்திரேலிய மிஷனரி அந்தத் தெருவில் ஒரு கடைவீட்டில் ஒன்பது சிறுமிகளோடு தமிழ்ப் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். தம் பெண்கள் படிக்க வேண்டும் என்று விரும்பிய தமிழ் வணிகர்கள் சிலர் அதற்குத் துணை நின்றார்கள். அப்பள்ளிதான் வளர்ந்து இன்று பிளாக்மோர் டிரைவில் இருக்கும் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது அரிதாயிருந்த காலம் அது. அந்தத் தகப்பன்மார் இரவில் என்ன கனவு கண்டார்களோ, எனக்குத் தெரியாது. பகலில் செய்தது தெரிகிறது. அந்தத் தெருவைக் கடக்கும்போதெல்லாம், அந்த ஒன்பது பேருக்கும் என்ன அடைவுநிலை வந்திருக்கும் என்று ஓர் அசட்டு எண்ணம் எனக்கு வரும்.

நான் எப்படி ஜெபிக்கிறேன் என்று அந்தத் தாய் கேட்டார். சொன்னேன். காலை ஆறேகால் மணிப் பேருந்தில், வருகைப் பதிவேட்டு வரிசைப்படி என் பிள்ளைகளின் பெயர்களை மனத்திற்குள் சொல்வேன். முருகன் பெயர் கொண்டவர்களும் உண்டு. நபிகள் பெயர் கொண்டவர்களும் உண்டு. தாவீது, எஸ்தர் என்று இருப்பவர்களும் உண்டு. பெயரைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை. ஜெபம் குறிப்பாக இருக்க வேண்டும், கேட்பதைத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று போதகர்கள் கற்பிக்கிறார்கள். எனக்கு அது இன்னும் வரவில்லை. எண்களைக் கேட்க வாய் எழுவதில்லை. பெயர்களைச் சொல்லி முடிக்கும்போது பெரும்பாலும் பள்ளி நிறுத்தம் வந்துவிடும். யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

அந்தத் தாய் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதை அவர் மகள் மூலமாகத்தான் அறிந்தேன். அந்த ஆன்ட்டியோடு அவர் சண்டையிடவில்லை. "அதை எனக்காக வைத்துக்கொள்கிறேன், பிள்ளையிடம் இனிப் பேச வேண்டாம்" என்று சொல்லிவிட்டாராம். வேலையிடத்தில் கேட்டுச் செப்டம்பர் மாதம் முழுவதும் ஒரு மணி நேரம் முன்னதாக வீடு திரும்பினாராம். மகள் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிப்பாராம். "அம்மா சும்மாதான் உக்காந்திருப்பாங்க டீச்சர். ஆனா எனக்குத் தூக்கம் வருது" என்றாள். அது குறையா நிறைவா என்று அவள் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை! அக்டோபருக்குள் 22ஆம் கேள்விக்கு விடை எழுதத் தொடங்கிவிட்டாள். முதல் முறை எழுதிய விடை தவறு. மகிழ்ச்சியோடு சிவப்பு மையால் அடித்தேன்.

நவம்பரில் அவளுக்கு என்ன மொத்தம் வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். சக ஆசிரியைகள் இருவர் கேட்டார்கள். என் கணவரும் கேட்டார். நான் சொல்லவில்லை. 22 என்று சொன்னால் கனவு பலித்தது என்பீர்கள். 14 என்றால் ஜெபம் வென்றது என்பீர்கள். 25 என்றால் ஆசிரியை என்ன செய்தாள் என்பீர்கள். அவள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். தமிழ் விவாதக் குழுவில் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள்.

என் தாயாரும் கனவு காண்பவர். ரோவல் சாலை அடுக்குமாடி வீட்டில் நாங்கள் ஐவரும் இரண்டு அறைகளில் படுத்திருப்போம். விடியற்காலை மூன்று மணிவாக்கில் சில நாள்கள் எனக்கு விழிப்பு வரும். சமையலறை விளக்கு எரியாது. சிராங்கூன் சாலைப் பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தில், அரிசித் தகரத்தின் அருகே அவர் முழந்தாளிட்டிருப்பது நிழலாகத் தெரியும். எங்கள் பெயர்கள் ஒவ்வொன்றாக முணுமுணுப்பில் வரும். சில நாள்களில் என் பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வரும். அந்நாள்களில் அவர் ஏதோ கண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். காலையில் அருகே போய், "என்னம்மா கனவு கண்டீங்க? என்னைப் பத்தியா?" என்று கேட்பேன்.

"பல்ல வெளக்கிட்டு வா. ரொட்டி ஆறுது" என்பார்.